ஓர்டீஸுக்கு ஒரு நியாயம், பாண்ட்ஸுக்கு ஒரு நியாயமா?

கணக்குப்பிள்ளை:
பேஸ்பாலில் பாஸ்டன் அணியின் டேவிட் ஓர்டீஸ், சான்பிரான்சிஸ்கோ அணியின் பாரி பாண்ட்ஸ் பற்றி இன்னொரு இழையில் பாஸ்டன் பாலு எழுதியதை அப்படியே எடுத்துப் போடுகிறேன்: “ஓர்டீஸ் 40 வயதில் 38 ஹோம் ரன் அடித்தது உழைப்பு. பாண்ட்ஸ் 37 வயதில் 73 அடித்தது மருந்து. இதில் பேச என்ன இருக்கிறது?”

பேச நிறைய இருக்கிறது. அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள், அதனால் இங்கே தனியாக ஆரம்பிக்கிறேன்.

2016-இல் டேவிட் ஓர்டீஸின் கணக்கு: சராசரி .315, ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) 38, ஆர்பிஐ (அவர் அடியால் வந்த ஓட்டம்) 127, டபுள் (இரண்டாம் பேஸ் வரை போகும் அடி) 48, ஓபிஎஸ் (பேஸை அடைவதையும் அடியின் வலுவையும் கூட்டிய எண்) 1.021. அந்த வருடம் மேஜர் லீக்கின் அமெரிக்கன், நேஷனல் என்ற இரண்டு பிரிவிலும் சேர்த்து ஓபிஎஸ்ஸில் அவர்தான் முதலிடம். நவம்பர் வந்தால் 41 வயது ஆகப்போகிற, பாதம் வலித்து ஓட முடியாத மனிதர். இதை வேறு ஊர் ஆட்டக்காரர் செய்திருந்தால் பாலு என்ன எழுதியிருப்பார் என்று எல்லோருக்கும் தெரியும்.

பாலுவின் பதிவுகளில் வராத ஒரு வரி இருக்கிறது. 2009 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தி: 2003-இல் லீக் நடத்திய பெயர் வெளியிடாத ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய 104 பேர் பட்டியலில் ஓர்டீஸ் பெயர் இருக்கிறது. பாரி பாண்ட்ஸோ அதே 2003 சோதனையில் தேறியவர். அப்படியிருக்க 2022-இல் ஓர்டீஸ் முதல் முயற்சியிலேயே 77.9 சதவீத ஓட்டு வாங்கி, பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். பாண்ட்ஸ் பத்தாவது, கடைசி முயற்சியில் 66 சதவீதத்தோடு வெளியே நின்றார். ஒரே வருடம், ஒரே ஓட்டுச் சீட்டு.

என் கேள்வி ஒன்றுதான், பாலு. 104-இல் ஓர்டீஸ் உண்டா இல்லையா?

பாஸ்டன் பாலு:
இழையைத் திறந்ததே ஓர்டீஸ் மேல் உள்ள காய்ச்சலில். பரவாயில்லை, பதில் சொல்கிறேன்.

நீங்கள் மந்திரம் மாதிரி சொல்லும் 104 லீக்கின் எண்ணே கிடையாது. 2004 ஏப்ரலில் அரசு அதிகாரிகள் சோதனை நிறுவனத்துக்குள் புகுந்து எடுத்துப் போன கோப்புகளிலிருந்து உருவான பட்டியல் அது. 2009 ஆகஸ்டில் லீக்கும் வீரர் சங்கமும் விளக்கம் கொடுத்தன. பாசிட்டிவ் என்று சொல்லக்கூடியது அதிகபட்சம் 96. அதிலும் 13 சர்ச்சைக்குரியது. உறுதியானது 83 மட்டும்.

96, சார். 104 இல்லை. எண்ணையே தவறாக வைத்துக்கொண்டு கணக்குப்பிள்ளை என்று பெயர் வேறு.

2016 அக்டோபரில் லீக் கமிஷனர் ராப் மான்ஃப்ரெட் பாஸ்டனின் ஃபென்வே மைதானத்துக்கே வந்து, அந்தப் பட்டியலில் பத்துக்கும் மேற்பட்ட பெயர்களின் முடிவு அறிவியல் ரீதியாகச் சந்தேகத்துக்குரியது, அதை வைத்து ஓர்டீஸை எடைபோடுவது நியாயமில்லை என்று சொன்னார். 2004 முதல் 2016 வரை தண்டனையோடு கூடிய சோதனை நடந்த 13 சீசனில் ஓர்டீஸ் ஒரு முறைகூடச் சிக்கவில்லை.

புதுவரவு ரவி:
நான் பேஸ்பால் பார்க்க ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஒரு சந்தேகம். இங்கே ஊக்கமருந்து என்று எதைச் சொல்கிறோம்? மார்க் மெக்வயர் 1998-இல் 70 ஹோம் ரன் அடித்தபோது அவர் லாக்கரில் இருந்த ஆண்ட்ரோ என்ற சத்துப் பொருள் அப்போது கடையில் விற்ற பொருள், லீக் அதைத் தடை செய்யவும் இல்லை என்று படித்தேன். அதுவும் கணக்கில் வருமா? வலிக்குப் போடும் கார்டிசோன் ஊசி? முதலில் அதை முடிவு செய்துவிட்டுப் பேசலாமே.

கணக்குப்பிள்ளை:
பாலு, எண் தெரியாதவன் நானில்லை. உங்கள் எண்ணையே எடுத்துக்கொள்வோம். 104 பெயரில் 83 உறுதி என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். 83-ஐ 104-ஆல் வகுங்கள், கிட்டத்தட்ட 80 சதவீதம். அந்தப் பட்டியலில் பெயர் இருக்கும் ஒருவர் உண்மையாகவே சிக்கியவராக இருக்க நூற்றுக்கு எண்பது வாய்ப்பு. மீதி இருபதில் உங்கள் ஆளைக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு வழக்கு முடிந்தது என்கிறீர்கள்.

மான்ஃப்ரெட் சந்தேகத்துக்குரிய பெயர்களில் ஓர்டீஸும் ஒருவர் என்று சொன்னாரா? சொல்லவில்லை. பத்துக்கு மேல் இருக்கிறது என்றார், நியாயமில்லை என்றார், அவ்வளவுதான். எல்லோருக்கும் பிடித்த ஒரு மனிதரின் வழியனுப்பு விழா வாரம் அது. அந்த மைதானத்தில் நின்றுகொண்டு வேறென்ன சொல்வார்?

மறுபடியும் கேட்கிறேன். 104-இல் உண்டா இல்லையா?

பாஸ்டன் பாலு:
96.

சான்பிரான் செல்வம்:
கணக்குப்பிள்ளை அண்ணே, இவரோடு ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள்? பாண்ட்ஸை நேரில் பார்த்திருந்தால் இப்படிப் பேச மாட்டார்.

2004 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். 232 வாக் (அடிக்கத் தகாத பந்துகள் போட்டதால் கிடைக்கும் இலவச பேஸ்), அதில் 120 வேண்டுமென்றே கொடுத்த வாக். பந்து போடவே பயந்தார்கள். நம் மைதானத்தின் வலது பக்கச் சுவரில் ஒவ்வொரு வாக்குக்கும் ஒரு ரப்பர் கோழியை ரசிகர்கள் தொங்கவிடுவார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன். ஆட்டம் முழுக்க அடிக்கத் தக்கதாக ஒரு பந்து வரும், அந்த ஒரு பந்தையும் தவற விடாமல் அடிப்பார். எந்த மருந்து அதைச் செய்யும்? அடிக்க வேண்டிய ஸ்ட்ரைக்கா, விட வேண்டிய பாலா என்று அரை நொடிக்குள் முடிவெடுக்கும் கண்ணை எந்த ஊசி தரும்?

1998 முடிவில் அவருக்கு 34 வயது. 411 ஹோம் ரன், 445 திருட்டு பேஸ் (அடி விழாமலேயே ஓடிப் பிடித்த பேஸ்), மூன்று எம்விபி (சிறந்த ஆட்டக்காரர் விருது). 400-400 தொட்ட முதல் ஆள். அந்த நாளே ஓய்வு பெற்றிருந்தாலும் ஹால் ஆஃப் ஃபேம்தான்.

பாஸ்டன் பாலு:
செல்வம், அதைத்தானே நானும் சொல்கிறேன். அந்த நாளே ஓய்வு பெற்றிருக்கலாம்.

34 வயது வரை 13 சீசனில் 411. அதற்குப் பிறகு 351. அதுவரை ஒரு சீசனில் அவருடைய அதிகபட்சம் 46. 2000-இல் 49. 2001-இல் ஒரே தாவலில் 73, அதுவும் 476 அட்-பேட்டில் (வாக் போக, அடிக்கக் கிடைத்த வாய்ப்பு). பிறகு 37, 38, 39 என்று வயது ஏற ஏற வரிசையாக எம்விபி. எந்த மனித உடம்பு அப்படிப் பின்னோக்கி இளமையாகும்?

ஆட்டக்காரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்த பால்கோ நிறுவனம் உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பர்லிங்கேம். விமான நிலையத்திலிருந்து சில நிமிடம். மறந்துவிட்டதா?

இப்போது கணக்குப்பிள்ளை சார் பெருமையாகச் சொன்ன “2003 சோதனையில் தேறியவர்” விஷயத்துக்கு வருகிறேன். அதே 2003-இல் பாண்ட்ஸ் கொடுத்த சிறுநீரை அரசு பிறகு யூசிஎல்ஏ ஆய்வகத்துக்கு அனுப்பியது. அதில் டிஹெச்ஜி என்ற ஸ்டீராய்டு இருந்தது, குளோமிஃபீன் என்ற மருந்து இருந்தது. 2011 விசாரணையில் டாக்டர் டான் கேட்லின் கூண்டில் ஏறிச் சொன்னார். முதல் சோதனையில் தேறியதன் காரணம் எளிது. சோதனைக்குத் தெரியாத மருந்தாகத் தயாரிக்கப்பட்டதுதான் டிஹெச்ஜி. 2003 கோடையில் ஓட்டப் பயிற்சியாளர் ஒருவர் பயன்படுத்திய ஊசியை அனுப்பிவைத்த பிறகுதான் அதைக் கண்டுபிடிக்கும் முறையே வந்தது.

தேறினாராம்.

கணக்குப்பிள்ளை:
வந்தீர்களா வழிக்கு. இதற்காகத்தான் காத்திருந்தேன்.

ஓர்டீஸ் பெயர் இருந்த பட்டியல் அரசு எடுத்துப்போன கோப்பிலிருந்து வந்தது, அதனால் செல்லாது என்கிறீர்கள். பாண்ட்ஸின் சிறுநீரும் அதே அரசு எடுத்துப்போனதுதான். அது மட்டும் எப்படிச் செல்லும்? பெயர் வெளியே வராது, தண்டனை கிடையாது, முடிந்ததும் அழித்துவிடுவோம் என்று வாக்குக் கொடுத்து வாங்கிய சிறுநீர் அது. நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் சிக்கினால் அடுத்த வருடம் நிஜச் சோதனை கொண்டுவரலாம் என்பதற்காக மட்டும் நடத்திய கணக்கெடுப்பு. அழிப்பதற்குள் அதிகாரிகள் வந்துவிட்டார்கள். 2009-இல் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசு செய்தது அத்துமீறல் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

உங்கள் ஆளுக்கு வந்தால் திருட்டுக் கோப்பு, எங்கள் ஆளுக்கு வந்தால் அறிவியல் சான்றா?

பாஸ்டன் பாலு:
தீர்ப்பை முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள். வாரண்ட் இருந்ததே பால்கோவோடு தொடர்பு இருந்த 10 வீரர்களுக்கு. பாண்ட்ஸ் அந்தப் பத்தில் ஒருவர். வாரண்டில் இல்லாத மற்ற நூற்றுக்கணக்கான பேர் விவரத்தை அள்ளிக்கொண்டு போனதைத்தான் நீதிமன்றம் அத்துமீறல் என்றது. ஆக பாண்ட்ஸின் சிறுநீரை எடுத்தது சட்டப்படி. ஓர்டீஸ் பெயரை எடுத்தது சட்டத்துக்கு மீறி. நீங்கள் கொண்டுவந்த தீர்ப்பே எனக்குத்தான் சாட்சி.

சான்பிரான் செல்வம்:
சட்டம் பேசுகிறவர் மீதியையும் பேச வேண்டும். 2011-இல் பாண்ட்ஸ் மேல் இருந்த பொய்ச்சாட்சிக் குற்றச்சாட்டு எதிலும் ஜூரி குற்றவாளி என்று சொல்லவில்லை. நீதிக்கு இடையூறு என்ற ஒரே ஒரு குற்றம்தான் நின்றது. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் சுற்றி வளைத்தார் என்பதற்காக. அதையும் 2015-இல் மேல்முறையீட்டில் ரத்து செய்தார்கள். சட்டப்படி இன்று பாரி பாண்ட்ஸ் சுத்தமான மனிதர்.

பாஸ்டன் பாலு:
கிராண்ட் ஜூரி முன்னால் அவரே ஒத்துக்கொண்டாரே, பயிற்சியாளர் கொடுத்ததைப் பயன்படுத்தினேன், ஆளிவிதை எண்ணெய் என்றும் மூட்டுவலித் தைலம் என்றும் நினைத்தேன் என்று. தன் உடம்புக்குள் போகிற ஒவ்வொரு கிராமையும் எடைபோடுகிற ஆட்டக்காரர் அவர். அந்தப் பயிற்சியாளர் கிரெக் ஆண்டர்சன் வாயைத் திறப்பதைவிட ஜெயிலே மேல் என்று உள்ளே போய் உட்கார்ந்தார். ஆளிவிதை எண்ணெய்க்காக யாராவது ஜெயிலுக்குப் போவார்களா?

தேவகி ஹூஸ்டன்:
இந்த இழையில் பாண்ட்ஸுக்கும் ஓர்டீஸுக்கும் நடுவே, பந்து எறியும் பிட்சரான ரோஜர் கிளெமென்ஸை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். 2004-இல் 41 வயதில் எங்கள் ஊருக்கு வந்தார். 18 வெற்றி, 4 தோல்வி, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஏழாவது முறை. அடுத்த வருடம் ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ஓட்டம்) 1.87, மொத்த லீக்கிலும் அதுதான் குறைவு. அந்த வருடம்தான் ஹூஸ்டன் முதன்முதலாக வேர்ல்ட் சீரிஸ் இறுதிப் போட்டியைப் பார்த்தது. அவர் மேல் இருந்தது முக்கியமாக, அவருக்கு ஊசி போட்டேன் என்ற மெக்நமி என்ற பயிற்சியாளரின் வாக்குமூலம். 2012 ஜூனில் எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் ஜூரி விடுவித்தது. அவருக்கும் 65.2 சதவீதத்தோடு கதவை மூடினார்கள்.

கணக்குப்பிள்ளை:
தேவகி மேடம், கிளெமென்ஸைப் பாண்ட்ஸோடு சேர்க்காதீர்கள். பாஸ்டனில் கடைசி நான்கு வருடம் அவர் கணக்கு 40 வெற்றி, 39 தோல்வி. 33, 34 வயதில் இறங்குமுகம் என்று அந்த அணியே விட்டுவிட்டது. டொராண்டோ போனதும் இரண்டு வருடம் வரிசையாக சை யங். அந்தக் கதை வேறு.

தேவகி ஹூஸ்டன்:
உங்கள் கணக்கில் வெற்றி தோல்வி மட்டும்தான் தெரியுமா? பிட்சரை அணியின் வெற்றி தோல்வியால் அளக்கக் கூடாது என்று போன வருடம் எனக்குப் பாடம் நடத்தியவர் நீங்கள்தானே. 1996-இல், நீங்கள் சொல்லும் அந்த இறங்குமுக வருடத்தில், அவர் 257 ஸ்ட்ரைக் அவுட் எடுத்து அமெரிக்கன் லீக்கில் முதலிடம். அந்த செப்டம்பரில் ஒரே ஆட்டத்தில் 20 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். அப்புறம் மெக்நமியே 1998-இல்தான் ஊசி ஆரம்பித்தது என்கிறார். 1997-இல் 21-7, 2.05, 292 ஸ்ட்ரைக் அவுட். அதற்கு எந்த ஊசி?

பாண்ட்ஸுக்குச் சந்தேகத்தின் பலன், கிளெமென்ஸுக்குக் கிடையாதா? தலைப்பில் நியாயம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

பாஸ்டன் பாலு:
ஹூஸ்டன்காரர்கள் நியாயம் பேசுகிறார்கள். எதிரணியின் சைகையைத் திருடி, அதைத் தன் ஆளுக்குச் சொல்லக் குப்பைத் தொட்டியைத் தட்டித் தட்டி 2017 கோப்பை வாங்கியவர்கள்.

தேவகி ஹூஸ்டன்:
எதிர்பார்த்தேன். வாதம் தீர்ந்ததும் உங்கள் கை அந்தத் தொட்டிக்குத்தான் போகும். அந்தத் திட்டத்தில் நடுவில் நின்ற அலெக்ஸ் கோராவை 2018-க்கு மேனேஜராக்கி அதே வருடம் கோப்பை தூக்கிய அணி எது? 2020-இல் அவருக்குத் தடை, வீடியோ அறையை வைத்து சைகை திருடியதற்கு உங்கள் அணிக்கும் தண்டனை. தடை முடிந்ததும் அவரையே திரும்பக் கூட்டிவந்தீர்கள். எங்களைப் பற்றிப் பேச பாஸ்டனுக்கு வாய் இருக்கக் கூடாது.

பாஸ்டன் பாலு:
2018-இல் 108 வெற்றி. அதை வீடியோ அறை கொடுக்கவில்லை, மேடம்.

பழைய ஆட்டம்:
தம்பிகளா, கொஞ்சம் நிறுத்துங்கள். நான் 1970-களிலிருந்து அமெரிக்காவில் இருப்பவன். நல்ல ஆட்டக்காரன் வயதாகியும் நன்றாக ஆடினால் உடனே ஊசி என்று சொல்லும் இந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. டெட் வில்லியம்ஸ் 1957-இல், 39 ஆகும் வருடத்தில், சராசரி .388 அடித்தார். ஹேங்க் ஆரன் தன் வாழ்நாளில் அதிகம் அடித்தது 1971-இல், 37 வயதில், 47 ஹோம் ரன். 39 வயதில் இன்னொரு 40. பிட்சர் நோலன் ரயன் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஏழாவது நோ-ஹிட்டர் போட்டபோது வயது 44. யாரும் எதுவும் கேட்கவில்லை. நேற்றைக்கு ஜஸ்டின் வெர்லண்டர் முழங்கை அறுவைக்குப் பிறகு 39 வயதில் 1.75 ஈஆர்ஏவோடு சை யங் வாங்கினார்.

வாழ்நாளில் ஆரன் அடித்த 755 ஹோம் ரன்னை யாரும் சந்தேகப்பட முடியாது. பாண்ட்ஸின் 762-ஐ என்னால் மனதார ஏற்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த வித்தியாசம் அதுதான்.

கணக்குப்பிள்ளை:
ஐயா, மரியாதையோடு சொல்கிறேன், நீங்கள் கொடுத்த உதாரணம் என் கட்சிக்குத்தான் உதவுகிறது. 37 வயதில் வாழ்நாள் உச்சம் என்பது ஆரனுக்கு வந்தால் மகத்துவம், பாண்ட்ஸுக்கு வந்தால் குற்றமா? ஆரன் ஆடிய அட்லாண்டா மைதானத்துக்கு ஏவுதளம் என்றே பட்டப்பெயர். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடி உயரம், பந்து பறக்கும். 1973-இல் அந்த அணிக்கு ஆடிய டேவி ஜான்சன் 43 அடித்தார். அதற்கு முன் அவர் ஒரு சீசனில் அடித்த அதிகபட்சம் 18. சான்பிரான்சிஸ்கோ மைதானமோ இடதுகை ஆட்டக்காரருக்கு மிகக் கஷ்டமானது. வலது பக்கம் கடல்காற்று, உயரமான சுவர். அதைச் சொந்த மைதானமாக வைத்துக்கொண்டுதான் பாண்ட்ஸ் 73 அடித்தார்.

அப்புறம் கிரீனி என்ற ஊக்க மாத்திரை. அந்தக் காலத்து டிரெஸ்ஸிங் ரூமில் ஆம்ஃபெட்டமின் மாத்திரை சர்வசாதாரணம். ஆரனே ஒரு முறை சாப்பிட்டதாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். லீக் அதைத் தடை செய்து சோதிக்க ஆரம்பித்தது 2006-இல்தான்.

பழைய ஆட்டம்:
ஒரு முறை சாப்பிட்டு, உடம்புக்கு ஆகாமல், இனி தொடமாட்டேன் என்று விட்டவரை பால்கோ வாடிக்கையாளரோடு சேர்த்துப் பேசுகிறாயே. இன வெறியர்களின் மிரட்டல் கடிதங்களை மூட்டை மூட்டையாக வாங்கிக்கொண்டு, பழைய சாதனையைத் தாண்டிய 715-ஆவது ஹோம் ரன்னை அடித்த மனிதர் அவர். நீ பிறந்திருக்கக்கூட மாட்டாய். அவர் பெயரை இந்த வழக்கில் இழுக்காதே.

கணக்குப்பிள்ளை:
இழுத்தது நீங்கள், ஐயா.

பிசியோ நந்தினி:
விளையாட்டு மருத்துவத் துறையில் இருக்கிறேன், ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். செல்வம் கேட்டது சரிதான், ஸ்டீராய்டு கண்ணைக் கூர்மையாக்காது. ஆனால் வயதான ஆட்டக்காரருக்கு அதனால் கிடைக்கும் பெரிய லாபம் வெறும் தசை இல்லை, மீட்சி. ஆறு மாதத்தில் 162 ஆட்டம். முப்பதுகளின் நடுவில் டெஸ்டோஸ்டிரோன் குறைய ஆரம்பிக்கும். கிழிந்த தசைநார் சேர அதிக நாள் பிடிக்கும், தூக்கிய எடையை மறுநாள் மறுபடி தூக்க முடியாது. அந்த இடைவெளியை மருந்து குறைக்கிறது. கண்ணும் அனுபவமும் 37 வயதில் உச்சத்தில் இருக்கும், உடம்பு மட்டும் 28 வயதுக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். செல்வம் புகழும் அந்தத் திறமையும் பாலு சொல்லும் அந்த மருந்தும் ஒன்றை ஒன்று மறுப்பதில்லை.

இன்னொன்று. குளோமிஃபீன் பெண்களுக்குக் கருத்தரிப்புக்காகக் கொடுப்பது. ஆண் ஆட்டக்காரர்கள் அதை எடுப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டை நிறுத்தியதும் உடம்பின் சொந்தச் சுரப்பை மறுபடி கிளப்புவதற்கு. அது ஒரு சிறுநீரில் டிஹெச்ஜியோடு சேர்ந்து வருவது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

பாஸ்டன் பாலு:
நன்றி நந்தினி. கணக்குப்பிள்ளை சார், குளோமிஃபீனும் ஆளிவிதை எண்ணெயில் இருந்ததா?

கணக்குப்பிள்ளை:
நந்தினி சொன்னதன் முதல் பாதியைப் பாலு படித்ததாகத் தெரியவில்லை. வயதான ஆட்டக்காரருக்கு மீட்சிதான் லாபம் என்றால், பாதம் நொந்து நடக்கவே சிரமப்பட்ட 40 வயது ஆள் 151 ஆட்டம் ஆடி 48 டபுள் அடித்ததற்கும் அதே கேள்வி வராதா?

பாண்ட்ஸ் எதையும் தொடாதவர் என்று நான் எங்கும் எழுதவில்லை. மேலே போய்ப் பாருங்கள். நான் கேட்பது ஒரே அளவுகோல். மினசோட்டா அணி வேண்டாம் என்று 2002 டிசம்பரில் விட்ட ஆள் ஓர்டீஸ். அங்கே ஆறு சீசனில் மொத்தம் 58 ஹோம் ரன். 2003-இல் பாஸ்டன் வந்ததும் 31, பிறகு 41, 47, 54. இப்படி ஏறியது எந்த வருடத்திலிருந்து? 2003. பட்டியல் எந்த வருடத்துடையது? 2003. இதே ஏற்றத்தை பாண்ட்ஸ் கணக்கில் பார்த்தால் சான்று, ஓர்டீஸ் கணக்கில் பார்த்தால் பயிற்சி. 104.

பாஸ்டன் பாலு:
மினசோட்டாவில் அவரை இழுத்து அடிக்க விடவில்லை, எதிர்ப்பக்கம் தட்டச் சொன்னார்கள், மணிக்கட்டுக் காயம் வேறு. அப்போது வயது 27. ஆட்டக்காரர்கள் மலரும் வயதே அதுதான். 27-இல் மலர்வதும் 36-இல் மலர்வதும் ஒன்றா? பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

2009-இல் யாங்கீ மைதானத்தில் பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து, சத்து மாத்திரை வாங்குவதில் கவனக்குறைவாக இருந்திருக்கலாம், ஸ்டீராய்டு ஒரு நாளும் வாங்கியதில்லை, எடுத்ததில்லை என்று சொன்னார். கடையில் சட்டப்படி விற்ற சத்துப் பொருளாலும் பாசிட்டிவ் வரக்கூடும் என்று வீரர் சங்கமே பக்கத்தில் நின்று சொன்னது.

கணக்குப்பிள்ளை:
2005 மார்ச்சில் ரஃபேல் பல்மெய்ரோ என்ற ஆட்டக்காரரும் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் விரலை நீட்டி, ஸ்டீராய்டு எடுத்ததே இல்லை என்றார். ஜூலையில் 3000-ஆவது ஹிட். ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஸ்டனோசோல் என்ற ஸ்டீராய்டால் சிக்கி 10 நாள் தடை. வயது 40. மறுப்பு அறிக்கைக்கு இந்த விளையாட்டில் என்ன விலை என்று அன்றே தெரிந்துவிட்டது.

பாண்ட்ஸ் தெரியாமல் தைலம் பூசினேன் என்றால் பொய். ஓர்டீஸ் தெரியாமல் சத்து மாத்திரை விழுங்கினேன் என்றால் உண்மை. எழுதியதைத் திரும்ப ஒரு முறை படித்துப் பாருங்கள், பாலு.

புதுவரவு ரவி:
மறுபடியும் கேட்கிறேன், மன்னிக்கவும். கடையில் விற்ற சத்துப் பொருள் ஊக்கமருந்தா இல்லையா? அதை முடிவு செய்யாமல் 96-ஆ 104-ஆ என்று எப்படிச் சொல்ல முடியும்?

சான்பிரான் செல்வம்:
தம்பி, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராதே. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

நான் கேட்பது இது. இந்தக் கூத்து நடந்தபோது கமிஷனராக இருந்த பட் செலிக் 2016 டிசம்பரில் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானார். 1994 வேலைநிறுத்தத்தில் வெறுத்துப் போன ரசிகனை 1998-இல் மெக்வயர், சோசா ஹோம் ரன் பந்தயத்தைக் காட்டித் திரும்ப மைதானத்துக்குக் கூட்டிவந்து காசு பார்த்தவர்கள் எல்லாம் உள்ளே. அடித்தவர்கள் வெளியே. பந்தைப் போட்ட பிட்சர்களிலும் எத்தனை பேர் மருந்தில் இருந்தார்கள்? அந்த 104-இல் பிட்சர்களே இல்லையா?

பாஸ்டன் பாலு:
96. செல்வம், நீங்களுமா?

தேவகி ஹூஸ்டன்:
செல்வம் சொன்ன செலிக் விஷயம் முழுக்கச் சரி. ஆனால் ரவி கேட்டதற்கு யாராவது பதில் சொல்லியிருக்கலாம். அப்புறம், கணக்குப்பிள்ளை சார் என் 1997 கேள்விக்கு இன்னும் பதில் தரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
மேடம், இந்த இழை கிளெமென்ஸைப் பற்றியது அல்ல. தனி இழை திறங்கள், வருகிறேன்.

பாலுவுக்கு ஒன்று மட்டும். அலெக்ஸ் ரோட்ரிகஸும் அதே 2003 பட்டியலில்தான் இருந்தார். 2009 பிப்ரவரியில் செய்தி வந்ததும் ஒத்துக்கொண்டார். அவர் விஷயத்தில் பட்டியல் சரியாக இருந்தது. 2014 முழுக்கத் தடை அனுபவித்துவிட்டு 2015-இல் 40 வயதைத் தொட்டுக்கொண்டே 33 ஹோம் ரன் அடித்தபோது, “இந்த வயதில் இது இயற்கையே இல்லை” என்று இங்கே எழுதியவர் யார்? உங்கள் எதிரியான நியூயார்க் யாங்கீ அணி ஆட்டக்காரர் 40-இல் அடித்தால் இயற்கை இல்லை. அடுத்த வருடம் உங்கள் ஆள் 40-இல் அடித்தால் உழைப்பு. 2015 பதிவு இன்னும் அப்படியே இருக்கிறது. வேண்டுமானால் எடுத்துப் போடுகிறேன்.

பாஸ்டன் பாலு:
தாராளமாகப் போடுங்கள். ரோட்ரிகஸ் 2003-க்குப் பிறகு பயோஜெனிசிஸ் என்ற மருத்துவமனையின் ஊக்கமருந்து விவகாரத்தில் மறுபடியும் மாட்டியவர். ஓர்டீஸ் பிறகு எதில் மாட்டினார்? ஒன்று சொல்லுங்கள். 13 சீசனில் ஒன்றே ஒன்று.

பழைய பதிவுகளைத் தோண்டுவது என்றால் நானும் தோண்டுவேன். 2018-இல் ராபின்சன் கனோ 80 ஆட்டத் தடை வாங்கியபோது, அது வெறும் சிறுநீர் மாத்திரை, பாவம் என்று பக்கம் பக்கமாக வாதாடியவர் கணக்குப்பிள்ளை. 2020-இல் அதே கனோ 38 வயதில் ஸ்டனோசோலோடு சிக்கி ஒரு சீசன் முழுக்க வெளியே போனார். அன்றைக்கு அந்த இழைக்கு நீங்கள் திரும்பி வரவே இல்லை.

கணக்குப்பிள்ளை:
கனோ இழைக்கு நான் வராததற்குக் காரணம், அங்கே உங்களைத் தவிர யாரும் பேசவில்லை. 2018-இல் ஃபுரோசமைட் என்பது ஸ்டீராய்டு இல்லை என்று சொன்னேன். இன்றும் அது ஸ்டீராய்டு இல்லை. அது மறைக்கப் பயன்படுவதால் தடைப் பட்டியலில் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு.

பழைய ஆட்டம்:
ஆரனைப் பற்றி எழுதியதை நீ இன்னும் திரும்பப் பெறவில்லை.

கணக்குப்பிள்ளை:
திரும்பப் பெற அதில் பொய் எதுவும் இல்லை, ஐயா.

பாலு, 13 சீசன் என்கிறீர்கள். மனித வளர்ச்சி ஹார்மோனுக்கு ரத்தச் சோதனை சீசன் நடுவே நடக்க ஆரம்பித்தது 2013-இல்தான். அதற்கு முன் ஒன்பது சீசன் யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம், எந்தச் சோதனையும் காட்டியிருக்காது. சோதனைக்குத் தெரியாததால் பாண்ட்ஸ் தேறினார் என்று நீங்களே எழுதினீர்கள். அதே வாதத்தை அந்த ஒன்பது சீசனுக்கும் போட்டுப் பாருங்கள். மான்ஃப்ரெட் ஓர்டீஸ் பெயரைச் சொல்லி, இவர் முடிவு தவறு என்று எப்போது சொன்னார்? தேதியோடு கொடுங்கள். கொடுத்தால் 104-ஐப் பற்றி இனிப் பேசமாட்டேன்.

பாஸ்டன் பாலு:
நீங்கள் லீக் கொடுத்த 96-ஐ ஒரு முறை எழுதுங்கள், பிறகு தேதி தருகிறேன். காலையில் வேலை இருக்கிறது. நாளை இரவு வருகிறேன், அதற்குள் தேவகி மேடத்துக்கு 1997 பதிலையாவது சொல்லி வையுங்கள்.

தேவகி ஹூஸ்டன்:
என் கேள்வியை நானே கேட்டுக்கொள்வேன். பாஸ்டன் வக்கீல் தேவையில்லை.